வியாழனில் அப்பாயிக்கு ஆறு வயது

2023 நவம்பர் கடைசியில் மகளின் பள்ளிக்கூட டைரியில் ஒரு குறிப்பு வந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் சூரியக் குடும்பம் செய்து கொண்டுவர வேண்டும். கும்பகோணம் கடைத்தெருவில் ஸ்டேஷனரிக் கடைக்காரரிடம் நான் கேட்டு முடிப்பதற்குள் ஒரு பாக்கெட்டை எடுத்து வைத்தார். பெரிதும் சிறிதுமாய் தெர்மாகோல் பந்துகள், கறுப்பு சார்ட், சின்னச் சின்ன பெயிண்ட் டப்பாக்கள். அன்று ராத்திரி கூடத்தில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்தோம். ஆரஞ்சுப் பந்து சூரியன், நாலு விரல் தள்ளி புதன், அடுத்த நாலு விரலில் வெள்ளி, அப்புறம் பூமி, செவ்வாய் என்று ஒட்டிக்கொண்டே வந்தாள். வியாழனுக்குப் பழுப்புக் கோடு போடும்போது பிரஷ்ஷை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, பூமிக்கும் வியாழனுக்கும் நடுவுல இவ்ளோதான் இடமா? அப்ப மாடியிலேர்ந்து பாக்கறப்ப ஏன் பொட்டு மாதிரி இருக்கு? இவ்ளோ கிட்ட இருந்தா பானை மாதிரியில்ல தெரியணும்?"

எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. படத்தை முதலில் பார்த்த பிள்ளைக்கு இந்தச் சந்தேகம் வராது. நான் படிக்கும்போது எனக்கு வரவில்லை. அந்த வரிசைப் படத்தை வரைந்து, பாகம் குறித்து, முழு மார்க் வாங்கினேன். வியாழன் எங்கே என்று வானத்தைக் காட்டி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் காட்டத் தெரிந்திருக்காது. இவள் மூன்று மாதமாக மாடியில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள். அதனால் சார்ட் பொய் சொல்கிறது என்பது அவள் கண்ணுக்கே தட்டுப்பட்டுவிட்டது.

அந்த மூன்று மாதம் எப்படித் தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 23 சாயங்காலம் 6 மணி 4 நிமிஷத்துக்கு சந்திரயான்-3-ன் விக்ரம் லேண்டர் நிலவில் இறங்கியது. எங்கள் வீட்டு டிவி முன்னால் எதிர்வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து ஏழெட்டுப் பேர். கைதட்டல் அடங்கியதும் அத்தை (என் மாமியார், மகளுக்கு அப்பாயி), "அது எறங்குன நெலா மேல தெரியுதான்னு பாருங்களேன்" என்றார். அவ்வளவுதான், எல்லாரும் மாடிப்படியில் தடதடவென்று ஏறினார்கள். தெற்குப் பக்கம் நல்ல உயரத்தில் அரைநிலா நின்றது. விக்ரம் இறங்கியது தென்துருவத்துக்குப் பக்கத்தில்; எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் வெளிச்சமான பாதியின் கீழ் ஓரம். கையை நீட்டிக் காட்டினேன். லேண்டர் கண்ணுக்குத் தெரியாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கொஞ்ச நேரம் ஒருத்தரும் பேசவில்லை. டிவியில் பார்த்த இடமும் தலைக்கு மேலே இருக்கிற இடமும் ஒன்றேதான் என்பது அவர்களுக்குள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

எட்டு மணிக்குத் திரும்ப மாடிக்குப் போனோம். கிழக்கே தென்னை மரத்துக்கு மேலே, மினுக்காமல், லேசான மஞ்சளில் ஒரு புள்ளி. அதுதான் சனி என்றேன். "சனிக்கிழமைச் சனியா?" என்று கேட்டாள் மகள்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் எனக்கு வழி கிடைத்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கோள்களின் பெயரைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதே இல்லை. கிழமை சொல்லத் தெரிந்த குழந்தைக்கு ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி எல்லாம் ஏற்கெனவே தெரியும். ஞாயிறு என்றால் சூரியன், திங்கள் என்றால் நிலா. மீதி ஐந்தும், டெலஸ்கோப் இல்லாத காலத்தில் வெறும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்த கோள்கள். மற்ற விண்மீன்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று இடம் மாறாமல் இருக்க, இந்த ஐந்து மட்டும் ஊர்ந்து போவதை யாரோ ராத்திரி ராத்திரியாகக் கவனித்திருக்கிறார்கள். "அப்ப பூமிக்கு ஏன் கிழமை இல்ல?" என்று எதிர்வீட்டுப் பையன் கேட்டான். நாம் அதன்மேல் நின்றுகொண்டிருக்கிறோம், வானத்தில் எங்கே தேடுவது? யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் கிழமை இல்லாத காரணமும் அப்படியே வந்தது. யுரேனஸை ஹெர்ஷல் டெலஸ்கோப்பில் கண்டது 1781-ல். நெப்டியூனைக் கண்டது 1846-ல், அதுவும் எங்கே இருக்கும் என்று முதலில் கணக்குப் போட்டுவிட்டு. அதற்குள் வாரம் நிரம்பிவிட்டது.

எங்கள் ஊர்ப்பக்கம் இன்னொரு வசதியும் உண்டு, ஒரு சிக்கலும் உண்டு. சூரியனார்கோவில், திங்களூர், ஆலங்குடி, கஞ்சனூர், திருநள்ளாறு என்று நவக்கிரகத் தலங்கள் எல்லாம் இந்த வட்டாரத்தில்தான். பிள்ளைகள் நடக்கப் பழகும் முன்பே நவக்கிரகத்தைச் சுற்றி வந்துவிடுகிறார்கள். நடுவில் சூரியன் நிற்பதைக் காட்டி, "அந்தக் காலத்துலேயே சூரியன் நடுவுலன்னு தெரியுமாம்மா?" என்று ஒருநாள் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிடுவது சுலபம். நான் சொல்லவில்லை. அந்த ஒன்பதில் நிலாவும் சேர்த்தி, பூமி இல்லை. ராகுவும் கேதுவும் பொருள்களே அல்ல, நிலாவின் பாதை சூரியனின் பாதையைக் குறுக்கே வெட்டுகிற இரண்டு இடங்கள், அங்கே வரும்போதுதான் கிரகணம் பிடிக்கும் என்றேன். கோயிலில் கும்பிடுகிற கிரகமும் மாடியில் பார்க்கிற கோளும் பெயரால் ஒன்று, கேட்கிற கேள்வியால் வேறு. எட்டு வயதுக்கு இது புரியுமா என்று தயங்கினேன். நன்றாகவே புரிந்தது.

அப்போதே ஒரு முடிவும் எடுத்தோம். படம், வீடியோ, சார்ட் எல்லாம் அப்புறம். முதலில் மாடி. ஒரு நோட்டில் தினமும் நிலாவை வரைந்தாள், எத்தனை மணிக்கு எங்கே இருந்தது என்று பக்கத்தில் எழுதினாள். நிலா நாளுக்கு நாள் முக்கால் மணி, ஒரு மணி நேரம் பிந்தி எழுவதை இரண்டாவது வாரத்தில் தானே கண்டுபிடித்தாள். பிறை ஏன் வளர்கிறது என்பதற்கு ஒரு எலுமிச்சம்பழம் போதும். கரண்ட் போன ஒரு ராத்திரி செல்போன் டார்ச்சை அலமாரியில் வைத்தோம். அவள் தலைதான் பூமி. எலுமிச்சையைக் கை நீட்டிப் பிடித்து மெதுவாக ஒரு சுற்று சுற்றச் சொன்னேன். டார்ச் இருக்கிற பக்கம் பழம் இருளாகத் தெரிந்தது, கொஞ்சம் திரும்பியதும் ஓரத்தில் ஒரு கீற்று, இன்னும் திரும்பியதும் பாதி, டார்ச்சுக்கு முதுகைக் காட்டியதும் முழுசும் மஞ்சள். பூமியின் நிழல் விழுவதால்தான் பிறை உண்டாகிறது என்று பெரியவர்களே நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பழத்தைக் கையில் பிடித்துச் சுற்றிய பிள்ளை அந்தத் தப்பைச் செய்யாது.

வியாழன் வந்தது அக்டோபரில். எங்கள் வீட்டுத் தினசரி காலண்டரில் குரு மேஷத்தில் இருப்பதாகப் போட்டிருந்தது. செல்போனில் விண்மீன் வரைபடச் செயலியைத் திறந்து வானத்துக்கு நேரே பிடித்தால் வியாழன் நிற்பதும் அதே மேஷ விண்மீன் கூட்டத்தில். மகளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. சமையலறைச் சுவரில் தொங்குகிற காலண்டருக்கு வானத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்கிறது! வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றிவர 11.86 வருஷம். பன்னிரண்டு ராசிக்கும் பகிர்ந்தால் ராசிக்கு ஏறக்குறைய ஒரு வருஷம், அதுதான் வருஷா வருஷம் வரும் குருப் பெயர்ச்சி. சனிக்கு 29.5 வருஷம், ராசிக்கு இரண்டரை. மூன்று ராசி கடந்தால் ஏழரை. பெரியவர்கள் பயந்து பயந்து சொல்லும் அந்த எண்ணின் அடியில் இருப்பது ஒரு வகுத்தல் கணக்கு.

இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் நிமிர்ந்தார். "அப்ப மாமாங்கம்?"

எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. எங்கள் ஊர் மகாமகம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவது, வியாழன் சிம்மத்துக்குத் திரும்பி வர அத்தனை வருஷம் ஆவதால்தான். வியாழன் சிம்மத்தில் இருக்க, மாசி மாதத்து முழுநிலா மக நட்சத்திரத்தோடு சேரும் நாள் அது. 1992, 2004, 2016 என்று வந்து, அடுத்தது 2028. "பாத்து ஒரு மாமாங்கம் ஆச்சே" என்று வாய்க்கு வாய் சொல்கிறோமே, அந்த மாமாங்கம் வியாழனின் ஒரு வருஷம்! இந்தச் சொல்லைப் புழங்கிக்கொண்டே இருக்கிற வீட்டில், வியாழனின் சுற்றுக்காலத்தை ஒரு எண்ணாக மட்டும் மனப்பாடம் செய்ய வைக்கிறோம் என்று நினைத்தபோது வருத்தமாக இருந்தது.

மகள் பென்சிலும் நோட்டும் எடுத்து வந்தாள். "அப்பாயி, உனக்கு எத்தனை வயசு?"

"எழுபத்தொண்ணு."

கால்குலேட்டரில் 71-ஐ 11.86-ஆல் வகுத்தோம். 5.99 வந்தது.

"அப்பாயிக்கு வியாழன்ல ஆறு வயசு!" என்று குதித்தாள். அத்தை விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். முதல் மாமாங்கத்துக்குத் தன் அப்பா தோளில் உட்கார்ந்து போனது, கல்யாணம் ஆன புதிதில் போனது, மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு போனது, கடைசியாக 2016-ல் ஐந்து மாதக் கைக்குழந்தையான இவளைத் துண்டில் சுற்றித் தூக்கிப் போனது. மொத்தம் ஆறு. கால்குலேட்டர் சொன்னதும் அவர் விரல் சொன்னதும் ஒன்றாக இருந்தது. "நான் நாலு மாமாங்கத்துக்குப் பெறகுதான் மாமியார் ஆனேன்" என்றார். வியாழக் கணக்கிலேயே பேசத் தொடங்கிவிட்டார்.

அப்புறம் ஒரு வாரம் வீட்டில் இதே கணக்குத்தான். எட்டு வயது மகளுக்குப் புதனில் 33 வயது, வெள்ளியில் 13, செவ்வாயில் நாலேகால். வியாழனில் முதல் பிறந்தநாளே இன்னும் வரவில்லை. வெள்ளியில் ஒரு விசித்திரம்: அது தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 நாள் எடுக்கிறது, சூரியனைச் சுற்ற 225 நாள்தான். அதுவும் பெரும்பாலான கோள்களுக்கு எதிர்த்திசையில் சுழல்வதால் அங்கே சூரியன் மேற்கே உதிக்கும். இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு நிமிஷம் திகைத்து நின்றுவிட்டு, அப்புறம் தாங்களே எழுந்து நின்று சுற்றிப் பார்ப்பார்கள்.

சரி, சார்ட் விஷயத்துக்கு வருகிறேன். "வியாழன் ஏன் பொட்டு மாதிரி இருக்கு" என்ற கேள்விக்குப் பதில் சார்ட்டில் அடங்காது, தெருவில்தான் அடங்கும் என்று பட்டது. பள்ளிக்குத் தெர்மாகோலையே ஒட்டிக் கொடுத்து அனுப்பினேன். அரையாண்டு லீவுக்குக் காத்திருந்தோம்.

அளவு சுலபம். ஒரு லட்சம் கிலோமீட்டரை ஒரு சென்டிமீட்டராகச் சுருக்கினால் போதும். சூரியனின் குறுக்களவு 13.9 லட்சம் கிலோமீட்டர், அதாவது 14 சென்டிமீட்டர். உழவர் சந்தையில் டேப் வைத்து அளந்து ஒரு பம்ப்ளிமாஸ் வாங்கினேன். மீதி எல்லாம் அஞ்சறைப்பெட்டியிலும் வீட்டிலும் இருந்தன. பூமி 1.3 மில்லிமீட்டர், ஒரு கடுகு. வெள்ளிக்கு அதைவிடத் துளி சிறிய கடுகு. செவ்வாய்க்குக் கசகசா. புதனுக்கு ஒரு ரவை. வியாழன் 1.4 சென்டிமீட்டர், கோலிக்குண்டு. சனிக்குச் சுண்டைக்காய். யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் ஆளுக்கொரு மிளகு. கடுகையும் கசகசாவையும் வெள்ளை அட்டையில் ஃபெவிக்கால் வைத்து ஒட்டி, பெயர் எழுதி, பிள்ளைகள் கையில் ஒன்றொன்றாகக் கொடுத்தேன்.

டிசம்பர் 27, மார்கழி. விடியுமுன் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. வெள்ளி எழுந்து வியாழம் உறங்கிவிட்டது என்று ஆண்டாள் தோழியை எழுப்பும் பாட்டு அதில் உண்டு. மகளைத் தூக்கக் கலக்கத்தோடு மாடிக்குக் கூட்டிப் போனேன். முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கு நேர் உச்சியில் இருந்த வியாழன் மேற்கே மறைந்து போயிருந்தது. கிழக்கே விடிவெள்ளி தகதகவென்று நின்றது. பாட்டில் இருந்ததும் வானத்தில் இருந்ததும் அன்றைக்கு அட்சரம் பிசகாமல் பொருந்தின. அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் கையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஆறரைக்குத் தெருவில் இறங்கினோம். வாசலில் அத்தை போட்ட அரிசிமாக் கோலத்தின் ஓரத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் பம்ப்ளிமாஸ் சூரியன். என் காலடி முக்கால் மீட்டர். எட்டு அடி வைத்து ரவைப் புதனை நிறுத்தினேன், இன்னும் ஆறேழு அடியில் வெள்ளிக் கடுகு. பூமிக்கு மொத்தம் இருபது அடி, 15 மீட்டர். அங்கே மகள் நின்றாள். கடுகிலிருந்து 3.8 சென்டிமீட்டரில், அட்டையிலேயே, ஒரே ஒரு கோலமாவுத் துகள். அதுதான் நிலா. மனிதர்கள் கால் வைத்த வேற்று இடம் அந்தத் துகள் ஒன்றுதான். அந்த நாலு சென்டிமீட்டரைக் கடக்கத்தான் சந்திரயான் நாற்பது நாள் சுற்றிச் சுற்றிப் போனது. ஆதித்யா-எல்1 அப்போது வழியில் இருந்தது. அது போய்ச் சேர வேண்டிய இடம் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர். மகள் கையை விரித்து வைத்தாள், அவளுடைய ஒரு சாண். சூரியனைப் பார்க்கப் போகிற விண்கலம் 15 மீட்டரில் ஒரு சாண்தான் போகிறதா என்று கேட்டாள். ஆமாம், அத்தனைதான். ஜனவரி 6-ல் அது இடம் சேர்ந்த செய்தி வந்தபோது வீட்டில் எல்லாருக்கும் அந்தச் சாண் ஞாபகம் வந்தது.

பூமியின் இடத்தில் நின்றபடி அவளைச் சுண்டுவிரலை நீட்டச் சொன்னேன். பம்ப்ளிமாஸ் விரலுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. முதல் நாள் ராத்திரி முழுநிலாவையும் இதே விரலால் மறைத்துப் பார்த்திருந்தோம். வானத்தில் சூரியனும் நிலாவும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரிகின்றன. எங்கள் பம்ப்ளிமாஸும் கடுகின் இடத்திலிருந்து அதே அளவில் தெரிந்தது. அளவுகள் சரியாக இருந்தால் இப்படித்தான் பொருந்தியாக வேண்டும் என்றாலும், தெருவில் நின்று கண்ணால் பார்க்கும்போது உடம்பு சிலிர்த்தது.

செவ்வாய் 23 மீட்டரில். அதைத் தாண்டி ஐம்பது மீட்டருக்குமேல் பெரிதாக ஒன்றும் கிடையாது. "இங்க ஒண்ணுமே இல்லையா?" என்றான் எதிர்வீட்டுப் பையன். குறுங்கோள்கள் இருக்கின்றன, இந்த அளவில் எதையும் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் அதில் ஒன்றைப் பற்றி மட்டும் நின்று சொன்னேன். 1988-ல் ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் ஆய்வகத்தில் ஆர். ராஜமோகன் கண்டுபிடித்த குறுங்கோள் அது. வரிசை எண் 4130, பெயர் ராமானுஜன். சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளை இந்த வெற்றிடத்தில் எங்கேயோ சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். பையன் குனிந்து தார் ரோட்டையே பார்த்தான்.

வியாழன் கோலிக்குண்டுக்கு 78 மீட்டர், நூற்று நாலு அடி. அங்கிருந்து மகள் பூமியைத் திரும்பிப் பார்த்தாள். கடுகு தெரியவில்லை. அட்டை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. தன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதை அவள் முகத்தில் பார்த்தேன். "அங்கேருந்து பாத்தா இந்தக் கோலிக்குண்டு பொட்டு மாதிரிதாம்மா தெரியும்" என்றாள்.

சனிக்கு 143 மீட்டர், டீக்கடை வாசல். சுண்டைக்காயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளையிடம் டீக்கடையில் இருந்த ஒரு பெரியவர் விவரம் கேட்டு, தானும் எங்களோடு நடந்து வந்தார். யுரேனஸ் 287 மீட்டர். நெப்டியூன் 450 மீட்டர், காவிரிப் படித்துறையை ஒட்டி. அங்கே நின்று பார்த்தால் வீட்டு வாசலே சரியாகப் புலப்படவில்லை. இவ்வளவு தூரத்துக்கும் நடுவில் இருப்பவை ஒரு பழம், ஒரு கோலி, ஒரு சுண்டைக்காய், இரண்டு மிளகு, சில்லறைக் கடுகு. மீதியெல்லாம் காலியிடம். சார்ட்டால் எந்தக் காலத்திலும் காட்ட முடியாத விஷயம் இந்தக் காலியிடம்தான், சூரியக் குடும்பத்தில் அநேகமாக இருப்பதும் அதுதான். என்னைக் கேட்டால் பிள்ளைக்கு முதலில் தெரிய வேண்டியதும் அதுவே. எத்தனை நிலா, எத்தனை வளையம் என்பதெல்லாம் எப்போது வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம்.

புளூட்டோவைக் கேட்காமல் விடுவார்களா. சராசரியாக 590 மீட்டர். 2006-ல் அதைக் குறுங்கோள்களைவிடப் பெரிதான ஒரு தனி வகையில் சேர்த்துவிட்டார்கள் என்றேன். 1930-ல் அதற்கு அந்தப் பெயரைச் சொன்னவள் வெனிஷியா பர்னி என்ற பதினொரு வயது ஆங்கிலேயச் சிறுமி என்றதும் பிள்ளைகளுக்குப் புளூட்டோ மேல் தனிப் பாசம் வந்துவிட்டது. 1977-ல் கிளம்பிய வாயேஜர்-1 விண்கலம் இந்த அளவில் சுமார் இரண்டரைக் கிலோமீட்டர், ரயில்வே ஸ்டேஷன் பக்கம். அடுத்த சூரியன்? நம் சூரியனைப் போன்ற மிக அருகிலுள்ள விண்மீன், ஆல்ஃபா சென்டாரி, இன்னொரு பம்ப்ளிமாஸாக 4,000 கிலோமீட்டருக்கு அப்பால். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை போனாலும் எட்டாது. படித்துறையில் அத்தனை பேரும் அமைதியாகிவிட்டார்கள். டீக்கடைப் பெரியவர் மட்டும், "அவ்ளோ தூரத்துக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

வீட்டுக்குத் திரும்பியபோது கோலத்தில் எறும்பு மொய்த்திருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது. ஒளி நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் போகிறது. எங்கள் அளவில் அது நொடிக்கு மூன்று சென்டிமீட்டர்! மகள் ஸ்கேலை எடுத்து வந்து தரையில் வைத்தாள். மாவுத் துணுக்கு ஒன்றைக் கவ்விக்கொண்டு போன எறும்பு, பத்து நொடியில் ஸ்கேலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, முப்பது சென்டிமீட்டர் போயிருந்தது. உலகத்திலேயே மிக வேகமானது இந்தத் தெருவில் எறும்பு வேகத்தில்தான் போக முடியும். பம்ப்ளிமாஸிலிருந்து கடுகுக்குப் போய்ச்சேர எறும்புக்கு எட்டு நிமிஷம் இருபது நொடி. நெப்டியூன் மிளகை அடைய நாலு மணி நேரத்துக்குமேல். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மகள் தன் கைமேல் விழுந்த வெயிலைப் பார்த்துவிட்டு, "இது எட்டு நிமிஷத்துக்கு முன்னாடி கிளம்பினதா?" என்று கேட்டாள். நாங்கள் வெள்ளிக்கிழமைக் கோலமானாலும் விசேஷக் கோலமானாலும் இப்போது எறும்பைப் பார்க்காமல் தாண்டுவதில்லை.

பொங்கலுக்கு என் தம்பி சீர் கொண்டு வந்தபோது, கரும்போடும் மஞ்சள்கொத்தோடும் ஒரு டெலஸ்கோப் பெட்டியும் இருந்தது. 70 மில்லிமீட்டர் லென்ஸ். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் 525 மடங்கு என்று போட்டிருந்தது. வாங்க நினைப்பவர்கள் அந்த எண்ணை நம்பி வாங்காதீர்கள். இந்த அளவு லென்ஸுக்கு 140 மடங்குக்குமேல் போனால் மங்கலாக ஆடுகிற ஒரு திட்டுத்தான் தெரியும், பிள்ளை ஏமாந்து போகும். இருப்பதிலேயே குறைந்த பெருக்கம் தரும் கண்ணருகு லென்ஸைப் போடுங்கள். எங்களிடம் இருந்தது 35 மடங்கு. அதிலேயே சனியின் வளையம் தெரிந்தது. டெலஸ்கோப்புக்கு முன்னால் ஒரு பைனாகுலர் வாங்குவது இன்னும் நல்லது. நாங்கள் டிசம்பர் முழுக்க மாடியில் பாய் விரித்து மல்லாந்து படுத்து, பைனாகுலரில்தான் வியாழனைப் பார்த்தோம். பக்கத்தில் ஒரே கோட்டில் மூன்று புள்ளி, மறுநாள் நாலு புள்ளி, அதற்கு மறுநாள் இடது பக்கம் இருந்தது வலது பக்கம். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்துக் குறித்துக்கொண்டதும் இதே நாலு நிலாக்களைத்தான். மகளுடைய நோட்டிலும் அதே மாதிரி ஒரு வட்டமும் புள்ளிகளும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பகலில் இந்தக் கருவிகளைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சூரியனை அதன் வழியாக ஒரு கணம் பார்த்தாலும் கண் போய்விடும். சூரியனைப் பார்க்க வேண்டுமென்றால் மர நிழலைப் பாருங்கள். இலை இடுக்கு வழியாகத் தரையில் விழும் வட்ட வட்ட வெளிச்சம் ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பம். 2019 டிசம்பர் 26 கிரகணத்தன்று எங்கள் கொல்லைப் புங்க மரத்தடியில் அத்தனை வட்டமும் பிறைகளாக மாறிக் கிடந்தன. அப்போது அவளுக்கு நாலு வயது. இன்னும் அதைச் சொல்கிறாள்.

போகியன்று சாயங்காலம் ஏழு மணி. காலையில் எழுந்த புகையெல்லாம் கலைந்திருந்தது. மேற்கே மெல்லிய பிறை, அதை ஒட்டிச் சனி. தம்பி டெலஸ்கோப்பை நிறுத்திக் கொடுத்தான். பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக் கத்தி முடித்த பிறகு மகள் கீழே போய் அப்பாயியைக் கைப்பிடித்து அழைத்து வந்தாள்.

அத்தை கிட்டே வந்து தயங்கி நின்றுவிட்டார். "வேணாம்மா. சனீஸ்வரனை நேருக்கு நேரா பாக்கக் கூடாதும்பாங்க."

நான் என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் மகள் சொன்னாள். "நேரா பாக்கல அப்பாயி. இதுல ஒரு கண்ணாடி இருக்கு, வெளிச்சத்தைத் திருப்பி விட்டுரும். நீ கீழ குனிஞ்சுதான் பாப்ப. சனி அந்தப் பக்கம் இருக்கு."

உண்மைதான். குழாயின் முனையில் இருக்கும் கண்ணாடி ஒளியைச் செங்குத்தாகத் திருப்புகிறது. பார்ப்பவர் தலை குனிந்து நிற்பார். அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. படம் நகர்ந்து வெளியே போகும் போதெல்லாம் தம்பி குழாயைத் துளி நகர்த்திக் கொடுத்தான்.

"ரெண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கே" என்றார் கடைசியில். "இத்தனை அழகா இருக்காரா?"

கலிலியோவுக்கும் காது மாதிரிதான் தெரிந்ததாம் என்று தம்பி சொன்னான். அத்தை அதைக் காதில் வாங்கவில்லை. திரும்பக் குனிந்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி பக்கத்து வீட்டுப் பெரியம்மாவை, எதிர்வீட்டுத் தாத்தாவை, கடைசியில் தெருவில் போய்க்கொண்டிருந்த பால்காரரையும் மாடிக்கு அழைத்தது அவர்தான். சனி தென்னந்தோப்புக்குள் இறங்கும்வரை யாரையும் கீழே போக விடவில்லை.

பொங்கலுக்குப் புதுக் காலண்டர் மாட்டினோம். பழைய காலண்டர் அட்டையை எறியப் போனபோது மகள் வாங்கிக்கொண்டாள். அதன் பின்பக்கம் வியாழன் எந்த வருஷம் எந்த ராசியில் என்று கட்டம் போட்டு எழுதினாள். ரிஷபம், மிதுனம், கடகம், சிம்மம். சிம்மத்துக்கு நேரே 2028 மாசி என்று எழுதி, சுற்றி ஒரு வட்டம். அன்று சாயங்காலம் கிழக்கே முழுநிலா எழும்போது வியாழனும் பக்கத்திலேயே எழும். வட்டத்துக்குக் கீழே, "அப்பாயிக்கு ஏழாவது, எனக்கு ரெண்டாவது" என்று எழுதினாள். படித்துக் காட்டினேன்.

"குளத்துக்குப் போயிட்டு இருட்டறதுக்குள்ள மாடிக்கு வந்துடணும்" என்றார் அத்தை. "பாயை எடுத்து வெச்சிரு."